ஃபெண்டரை பாடியோடு வெல்டு வைக்காதீர்கள்

புவனகிரி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கடலூர் பக்கம் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒரு நாள் டிங்கரிங் பட்டறையில் இந்தப் பேச்சைக் கேட்க நேரும்: “போல்ட் பிடிக்கிற இடமெல்லாம் அரிச்சுப் போச்சு சார். ஃபெண்டரை அப்படியே பாடியோட வெல்டு வச்சிடலாம், ஆடவே ஆடாது.” சொல்பவர் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. அரை நாளில் வேலை முடியும், செலவு குறைவு, ஃபெண்டர் ஆடுவதும் நிற்கும். ஆனாலும் பழைய கார் ஒன்றுக்குச் செய்யக்கூடிய பழுதுகளில் இதைவிடக் கெடுதலானது அதிகம் இல்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். போல்ட் பிடித்த இடம் போல்ட் பிடிக்கும் இடமாகவே திரும்ப வேண்டும். அது ஏன் என்று முதலிலும், எப்படி என்று பிறகும் சொல்கிறேன். காரணம் மனதில் பதிந்துவிட்டால், செய்முறையில் எந்தப் படியைத் தாண்டக்கூடாது என்பது தானே விளங்கும்.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. 1950-களின் இறுதியில் தொடங்கிய தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயரும் முகப்பும் மாறினாலும் உடம்பின் அடிப்படை மாறவில்லை. லாரிக்கு இருப்பது போல் தனிச் சேசிஸ் இதற்குக் கிடையாது. தரைத் தகடு, கதவுக்கு அடியில் ஓடும் படிப்பெட்டி, கதவுத் தூண், என்ஜினுக்கு இருபுறமும் நிற்கும் உள் தகடு எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. முன் ஃபெண்டர் இவற்றின் மேல் போர்த்திய வெளித்தோல். பானட் ஓரமாக உள் தகட்டிலும், பின்னால் கதவுத் தூண் பக்கத்திலும், கீழே படிப்பெட்டியின் முனையிலும், முன்னால் கிரில் பக்கத்திலும் அதை போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். அடிபட்டால் கழற்றி வேறொன்று மாட்டலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆகவே போல்ட் பிடிக்கும் இடம் அரித்துவிட்டது என்றால் கெட்டிருப்பது ஃபெண்டர் மட்டும் அல்ல. அந்த இடங்கள் பாரம் தாங்கும் உள் உடம்பின் விளிம்புகள். ஃபெண்டர் ஆடுகிறது என்ற சின்னப் புகாருக்கு அடியில் உள் தகடு கரைந்துகொண்டிருக்கிறது என்ற பெரிய சேதி இருக்கிறது.

கார் முழுக்க ஒரே மாதிரித் தகடு இருக்க, துரு ஏன் இந்த இடங்களையே தேடிப் பிடிக்கிறது? சக்கரம் வாரி அடிக்கும் சேறு ஃபெண்டருக்கு உள்ளே மேல் விளிம்பிலும், சக்கரத்துக்குப் பின்னால் கதவுத் தூணுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள பையிலும் அப்பிக்கொள்கிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தச் சேற்றுக்குள் ஈரம் நிற்கிறது. கடலோரச் சேற்றில் உப்பும் சேர்ந்திருக்கும். சமையலறை உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுத்துக் கரைய ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடு போதும். நம் கரையோரத்தில் காற்று அந்த அளவுக்குக் காய்வது அரிது. அதனால் ‘ஷெட்டில்தானே நிற்கிறது, காய்ந்துவிடும்’ என்ற நம்பிக்கை பலிக்காது; உப்புச் சேறு காய்வதே இல்லை. இன்னொன்றும் உண்டு. தகட்டின் ஒரு பகுதிக்குக் காற்று படுகிறது, ஒரு பகுதி சேற்றுக்கோ இடுக்குக்கோ உள்ளே மூச்சடைத்துக் கிடக்கிறது என்றால், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் கரைவது காற்றுப் படாத பகுதிதான். கண்ணுக்குத் தெரியும் பக்கம் நன்றாகவும் தெரியாத பக்கம் சல்லடையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். துருவோ இரும்பைப் போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் அடைக்கும். இரண்டு தகடு சேரும் இடுக்கில் பிறக்கும் துரு, ஆப்பு போல் அவற்றைப் பிளக்கிறது. ஸ்பாட் வெல்டுகளுக்கு நடுவே விளிம்பு அலை அலையாக உப்பியிருந்தால் அது அந்த வேலைதான்.

புவனகிரி கடற்கரை ஊர் அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காற்றில் வரும் உப்பு கரையை விட்டு உள்ளே வர வர வேகமாகக் குறையும். காரைக்குடியில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவுக்கென்றே அரிமான வரைபடம் தயாரித்துத் தந்திருக்கிறது. மண்டபம் போன்ற கடலோரத்தில் வைத்த இரும்புக்கும் உள்நாட்டில் வைத்த இரும்புக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நிறுவனம் பல காலம் அளந்து வந்திருக்கிறது. ஆனால் கார் வீட்டுச் சுவர் அல்ல, ஓரிடத்தில் நிற்க. புவனகிரிக் கார் பரங்கிப்பேட்டைக்கும் பிச்சாவரத்துக்கும் சாமியார்பேட்டைக்கும் போய், உப்புச் சேற்றை ஃபெண்டருக்குள் வாரிக்கொண்டு வீடு திரும்புகிறது. போதாததற்கு இந்த வட்டாரம் வெள்ளம் கண்ட வட்டாரம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 இறுதியில் வந்த பெருமழை எல்லாம் கடலூர் மாவட்டத்தை உலுக்கியவை. இங்கே பழைய கார் வாங்குபவர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன், அந்த நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று கேட்க வேண்டும். கழுவும் தண்ணீரிலும் கவனம் தேவை. கரையோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். சந்தேகம் இருந்தால் துடைத்த கண்ணாடித் துண்டின் மேல் நாலு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள். காய்ந்தபின் தடித்த வெள்ளை வளையம் நின்றால் அந்தத் தண்ணீரால் ஃபெண்டரின் உள்பக்கத்தைக் கடைசிக் கழுவல் கழுவக் கூடாது. மழைநீரோ வேறு நல்ல தண்ணீரோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெல்டு வைப்பதற்கு வருவோம். ஃபெண்டரின் விளிம்பை உள் தகட்டோடு ஒட்ட வெல்டு வைத்தால் மூன்று கேடு ஒன்றாக வந்து சேரும். முதலாவது, அரித்த தகடு அப்படியே உள்ளே இருக்கிறது. துருவின் மேல் வெல்டு பிடிக்காது. எனவே பட்டறைக்காரர் துருப் பிடிக்காத இடமாகத் தேடித் தேடி அங்கங்கே ஒட்டுகிறார். நடுவே உள்ள துரு பூட்டிய அறைக்குள் தன் வேலையைத் தொடர்கிறது. இரண்டாவது, வெல்டின் சூட்டில் தகட்டின் பின்பக்கப் பெயின்ட் கருகிப்போகிறது. ஃபெண்டரைக் கழற்ற முடியாததால் அந்தப் பின்பக்கத்துக்கு இனி பிரஷ்ஷும் போகாது, ஸ்ப்ரேயும் போகாது. பச்சைத் தகடும் உப்பு ஈரமும் அங்கே தனியாக விடப்படுகின்றன. மூன்றாவது, அடுத்த முறை ஃபெண்டரில் இடிபட்டாலோ, படிப்பெட்டியின் முனை ஓட்டை விழுந்தாலோ, கதவுக் கீல் பக்கம் விரிசல் கண்டாலோ, கழற்றிப் பார்க்க வழியில்லை. வெட்டித்தான் பார்க்க வேண்டும். வெட்டினால் ஃபெண்டரும் போகும், அது ஒட்டியிருந்த விளிம்பும் போகும். அம்பாசடர் தயாரிப்பு நின்று போன காலத்தில் நல்ல பழைய ஃபெண்டர் ஒன்றை இழப்பது சின்ன விஷயம் அல்ல.

வெல்டு போல்ட்டை விட உறுதியானது என்பது பரவலான பதில். நல்ல தகட்டின் மேல் வைத்த நல்ல வெல்டுக்கு அது பொருந்தும். ஆனால் ஃபெண்டருக்கு அந்த உறுதி தேவையே இல்லை. பாரம் தாங்குவது அது அல்ல. உறுதி தேவைப்படுவது உள் தகட்டுக்கு. அதைத் தொடாமல் விட்டுவிட்டு வெளித்தோலை இறுக்குவதால் வண்டி ஒரு துளியும் பலப்படாது. ஆட்டம் நின்றதால் பலப்பட்டது போல் தோன்றும், அவ்வளவுதான். அந்தத் தோற்றம்தான் ஆபத்து. ஆடும் ஃபெண்டர் குறைந்தபட்சம் எச்சரிக்கையாவது செய்துகொண்டிருந்தது. செலவு பற்றிய எதிர்ப்பு இதைவிடக் கனமானது, அதைத் தட்டிவிட முடியாது. முறையாகச் செய்தால் ஒரு பக்கத்துக்கே பல நாள் கூலி ஆகும். ஆனால் அந்தக் கணக்கை ஒரு வேலைக்கு மட்டும் போடக் கூடாது. வெல்டு வைத்த வண்டிக்கு அடுத்த பழுது வரும்போது, முதலில் வெல்டை வெட்டும் கூலி, பிறகு விளிம்பைப் புதிதாகக் கட்டும் கூலி, அதற்கும் மேல் முழுப் பக்கப் பெயின்ட் எல்லாம் சேர்ந்து நிற்கும். பணம் இப்போது இல்லை என்றால் செய்யத்தக்கது ஒன்று உண்டு: ஃபெண்டரைக் கழற்றி, சேற்றை வழித்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, கெட்டியாக இருக்கும் போல்ட்டுகளில் மட்டும் மாட்டி வைத்துவிட்டு, பணம் சேரும் வரை காத்திருப்பது. ஃபெண்டர் கொஞ்சம் கடகடக்கும். கெட்டுப்போவது எதுவும் இல்லை. ஆனால் கதவுத் தூணின் அடியோ படிப்பெட்டியோ ஓட்டையாகியிருந்தால் இந்தக் காத்திருப்பு பொருந்தாது; அந்த வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது.

வேலையைத் தொடங்கப் பருவம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், மார்கழி, தை பனியிலும் தகட்டைத் திறந்து போடாதீர்கள். உரசிப் பளபளக்க வைத்த இரும்பு ஓர் இரவுப் பனியில் செம்பட்டை பூத்துவிடும். மாசி முதல் ஆனி வரை நல்ல காலம். சோதனையைக் கண்ணால் அல்ல, கையால் செய்ய வேண்டும். முதலில் ஃபெண்டரின் உள்பக்கச் சேற்றை மரக்குச்சியால் வழித்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, ஃபெண்டரின் பின் கீழ் மூலையில் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது தகடு அல்ல, பட்டி. பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையால் விளிம்பு நெடுகக் குத்திக்கொண்டே போங்கள். நல்ல தகட்டில் கணீர் என்று கேட்கும். துருப் பிடித்த தகட்டில் சத்தம் மந்தமாகி, முனை உள்ளே இறங்கும். இறங்கிய இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். போல்ட் துளையைச் சுற்றி ஒரு ரூபாய் அளவில் தொடங்கும் வட்டம், குத்திக்கொண்டே போனால் பெரும்பாலும் உள்ளங்கை அளவுக்கு விரியும். கூலி பேசுவது அந்த வட்டத்தைப் பார்த்த பிறகுதான் இருக்க வேண்டும். திறப்பதற்கு முன் பேசிய விலைதான் பிறகு அவசர வெல்டுக்குத் தள்ளுகிறது.

துரு ஏறிய போல்ட்டை ஸ்பானரால் முறுக்கி உடைப்பது நேரத்தை மிச்சப்படுத்தாது. இரண்டு மூன்று நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெயைக் காலை மாலை விட்டு ஊற வையுங்கள். கழற்றும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துப் பார்த்து, பிறகு தளர்த்துங்கள். அப்படியும் வராவிட்டால் போல்ட்டின் தலையை கிரைண்டரால் சீவி எடுப்பதே மேல். மிஞ்சும் தண்டைப் பிறகு துளைத்து எடுக்கலாம். கேஸ் தீயில் காய்ச்சுவதானால் வயரிங், பிரேக் குழாய், அண்டர்கோட் மூன்றையும் முதலில் விலக்கி, தண்ணீர் வாளியும் ஈரச் சாக்கும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய அம்பாசடரில் பெரும்பாலும் அங்குல அளவுப் போல்ட்டுகள். 5/16 அங்குலப் போல்ட்டும் 8 மி.மீ. போல்ட்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். குறுக்களவில் வித்தியாசம் 0.06 மி.மீ. தான். ஆனால் 5/16 நைஸ் மரையில் ஒரு சுற்றுக்கு 1.06 மி.மீ., எட்டு மி.மீ. போல்ட்டில் 1.25 மி.மீ. கடையில் கிடைத்ததை வாங்கி வந்து மாட்டினால் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு கடிக்கும், அதற்குமேல் முறுக்கினால் நட்டு தன் இருப்பிடத்தோடு பெயர்ந்து சுழலும். பல வண்டிகளில் இந்த இடம் பாழானதற்குத் துரு பாதிக் காரணம் என்றால் இந்தப் பொருந்தாப் போல்ட் மீதிக் காரணம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தது என்று எழுதிக் கட்டி வையுங்கள்.

வெட்டுவதற்கு முன் அளவெடுப்பதில் அவசரம் வேண்டாம். கதவுக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி, பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி இரண்டையும் மேல், நடு, கீழ் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய துளைகளின் மையத்தை, கெடாத ஒரு விளிம்பிலிருந்தோ மறுபக்க ஃபெண்டரிலிருந்தோ அட்டையில் பதித்து எடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு போல்ட் இடத்தை மட்டுமே வெட்டுங்கள். மேலே, பின்னால், கீழே மூன்றையும் ஒன்றாக அறுத்துப் போட்டால் ஃபெண்டர் எங்கே நின்றது என்பதற்குச் சாட்சியே இருக்காது. கீழே படிப்பெட்டியின் முனையிலும் வெட்ட நேர்ந்தால், வண்டியை ஜாக்கியில் தொங்கவிடாமல் சக்கரத்தின் மேலேயே நிறுத்தி, கதவைச் சாத்தி வைத்து வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் உடம்பு தொய்ந்து, பிறகு கதவு சாத்தாது. வெட்டுக்கோடு துரு முடியும் இடத்தில் அல்ல, அதைத் தாண்டி ஓர் அங்குலமாவது நல்ல தகட்டுக்குள் போக வேண்டும். கிரைண்டர் பட்டதும் வெள்ளி போல் மின்ன வேண்டும். கரும்புள்ளி தெரிந்தால் இன்னும் உள்ளே போங்கள். இந்த ஓர் அங்குலத்தில் சிக்கனம் பிடிப்பவர்கள்தான் இரண்டு வருடத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

ஒட்டும் தகடு பழைய தகட்டின் கனத்திலேயே இருக்கட்டும். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. கைக்கு எட்டும் ஆங்கிள் துண்டையோ மூன்று மி.மீ. பட்டையையோ வைத்தால் பலமாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. தடித்த துண்டும் மெல்லிய தகடும் சேரும் கோட்டில் அதிர்வு எல்லாம் குவிந்து, அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். சி.ஆர். ஷீட் வாங்குங்கள். ஜி.ஐ. ஷீட் துருப் பிடிக்காதே என்று கேட்பார்கள். வெல்டு வைக்கும் இடத்தில் அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து போகும், வெல்டில் குமிழ் விழும், அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவு குளிர் காய்ச்சல் வரும். பழைய தகட்டின் மேல் புதுத் துண்டை ஏற்றி வைத்து ஒட்டுவது எளிது, ஆனால் அதுவே புதிய இடுக்கு. துருவுக்கு நாமே கட்டிக் கொடுக்கும் வீடு. விளிம்போடு விளிம்பு, தகட்டின் கன அளவு இடைவெளி விட்டு, நேருக்கு நேர் சேர்ப்பதே சரி. வெல்டுக்குச் சிஓடூ வெல்டிங்கும் 0.8 மி.மீ. கம்பியும் ஏற்றவை. ஒரு புள்ளி, அதற்கு எதிர்முனையில் ஒரு புள்ளி, ஆறவிட்டு நடுவில் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு முறுக்கிக்கொள்ளும். ஊர்ப் பட்டறையில் கேஸ் வெல்டிங்தான் உண்டு என்றால் அதிலும் செய்யலாம். நல்ல கைக்காரர் வைத்த கேஸ் வெல்டு சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும் மிருதுவானது. ஆனால் சூடு பரவும் என்பதால் சுற்றிலும் ஈரத்துணி கட்டி, இன்னும் பொறுமையாகப் போக வேண்டும். குச்சி வெல்டிங் இந்தக் கனத்துக்கு ஆகாது, ஓட்டை போட்டுவிடும். பித்தளைப் பற்று வைப்பதும் வேண்டாம். அதன் பொடி மிச்சம் ஈரம் இழுக்கும், பித்தளைக்குப் பக்கத்து இரும்பு உப்புத் தண்ணீரில் இன்னும் விரைவாகக் கரையும். எந்த மின் வெல்டிங்குக்கும் முன் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிடுங்கள்.

போல்ட் துளையில் நட்டை நேரடியாக வெல்டு வைத்து முடித்துவிடுவது அடுத்த தவறு. பழைய உடம்பு எதுவும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்காது. ஃபெண்டரை இரண்டு மூன்று மி.மீ. அங்கும் இங்கும் நகர்த்தினால்தான் கதவு இடைவெளி ஒழுங்காகும். ஆகவே சுமார் மூன்று மி.மீ. தடிப்புள்ள சின்னத் தகட்டுத் துண்டில் நட்டை வெல்டு வைத்து, அந்தத் துண்டு கழன்று விழாமலும் ஆனால் நகரும்படியும் மெல்லிய தகட்டில் ஒரு கூடு மடித்து உள்பக்கம் ஒட்டுங்கள். விளிம்பில் துளையைப் போல்ட்டை விடப் பெரிதாக, நீள்வட்டமாகப் போடுங்கள். நட்டுக் கூட்டின் அடிப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். மூடிய கூடு தண்ணீர்த் தொட்டி. ரிவெட் நட்டு அடித்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நல்ல தகட்டில், எட்டாத மூலைக்கு அது உதவும், ஆனால் நகராது, துரு தின்று மெலிந்த தகட்டில் அது சுழன்றுவிடும்.

பூச்சு வேலையைக் கடைசிச் சில்லறை வேலையாக நினைப்பவர்களே அதிகம். உண்மையில் இவ்வளவு நேரம் செய்ததைக் காப்பது அதுதான். துருவை மாற்றும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் சில பாஸ்பாரிக் அமிலம், சில டானின்; கடுக்காயில் இருக்கும் அதே டானின், இரும்போடு சேர்ந்து கருநீலமாகும். இவை சுரண்டிய பின் குழிகளில் மிஞ்சும் மேல்துருவுக்கு நல்லவை. பொருக்கு பொருக்காக நிற்கும் துருவின் மேல் ஊற்றினால் மேல் பொருக்கு கறுக்கும், அடியில் உள்ளது அப்படியே இருக்கும். ரெட் ஆக்சைடு நாம் எல்லோரும் வீட்டுக் கிரில்லுக்கு அடிப்பது; விலை மலிவு, ஆனால் சாதாரண ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். உப்புக் காற்று ஊரில் பச்சைத் தகட்டின் மேல் எப்பாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் எது வேண்டுமானாலும் அடியுங்கள். பட்டி தேவைப்பட்டால் அதுவும் எப்பாக்ஸிக்கு மேல்தான் வர வேண்டும், வெறும் தகட்டின் மேல் அல்ல. பட்டி ஈரம் உறிஞ்சும். உரசிய அன்றே, பொழுது சாய்வதற்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். வெல்டுக் கோட்டின் மேல் சீலர் தடவுங்கள். பெயின்ட் காய்ந்தபின் மூடிய இடங்களுக்குள் மெழுகு வகைப் பூச்சைப் பீய்ச்சுங்கள். பழைய என்ஜின் ஆயிலை அடித்துவிட்டால் போதும் என்பது ஊரறிந்த வைத்தியம். அது கொஞ்ச நாள் தண்ணீரைத் தள்ளும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எரிந்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், புழுதியைப் பிடித்துப் புதுச் சேறாக்கும், ரப்பரைக் கெடுக்கும், முதல் மழையிலேயே கழுவிக்கொண்டு வாய்க்காலுக்கும் வயலுக்கும் போகும். கறுப்புத் தார்ப் பூச்சு வேறு வகைத் தொல்லை. அது விரிசல் விட்ட பிறகும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், அடியில் தண்ணீர் நிற்கும்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றி, கதவைச் சாத்திப் பார்த்து, பானட்டை இறக்கிப் பார்த்து, இடைவெளி குறித்த அளவுக்கு வந்தபின் மேலிருந்து கீழாக இறுக்குங்கள். ஃபெண்டருக்கும் உடம்புக்கும் நடுவே வைக்கும் பீடிங் துணி திணித்த பழைய வகையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். துணி திரி போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமா என்பது பலரின் கேள்வி. பெரிய இரும்புத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் என்பதால் பெரிய கேடில்லை. ஆனால் வாஷருக்கு அடியில் பெயின்ட் உரிந்தால் அங்கே அரிப்பு கூடும். நைலான் வாஷரும் கிரீஸும் வைத்தால் போடலாம். துத்தநாகப் பூச்சுள்ள சாதாரணப் போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி, சில வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதையே நான் விரும்புவேன். தேய்வது போல்ட்டாக இருக்கட்டும், விளிம்பாக வேண்டாம். கீழ் மூலையில் தண்ணீர் வெளியேறும் வழியைச் சீலரால் அடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் அந்த மூலையில் விரலை விட்டுச் சேற்றை வழித்து, நல்ல தண்ணீரைப் பாய்ச்சி, அது கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

மற்ற வண்டிகளுக்கும் வாதம் இதுவே, இடம்தான் மாறும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பானட்டும் இரண்டு ஃபெண்டர்களும் ஒரே தொகுதியாக முன்பக்கம் கவிழும்; அங்கே துரு தின்பது முன்னால் உள்ள கீல் பிடிப்புகளை. இலங்கையில் இன்றும் ஓடுகிற மோரிஸ் மைனரில் முன்னும் பின்னும் நான்கு ஃபெண்டர்களும் போல்ட்டில்தான் நிற்கின்றன. இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்ளலாம். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய அது மூல உருவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கழற்றி மாட்டும்படி பிறந்த ஃபெண்டரை உடம்போடு வெல்டு வைத்துவிட்டு, மூல உருவில்தான் இருக்கிறது என்று வாதாடுவது கடினம். 1970-களின் முன்பாதியில் வந்த மார்க் 2 வைத்திருப்பவர்கள் இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

பட்டறைக்காரரிடம் வேலையைக் கொடுக்கும்போது இரண்டே நிபந்தனைகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஃபெண்டர் போல்ட்டில்தான் நிற்க வேண்டும்; மாட்டுவதற்கு முன் உள்பக்கத்தை எனக்குக் காட்ட வேண்டும். பிரைமர் அடித்த அந்த உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.